51 முதன்மை எண்ணா? எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

பாலையூற்று அக்கா: எல்லோருக்கும் மாலை வணக்கம். மகள் ஆறாந்தரக் கணிதத்தில் முதன்மை எண்களை, அதாவது 1, அதே எண் ஆகிய இரண்டால் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்களைப் படித்துக்கொண்டிருக்கிறாள். 1 முதல் 100 வரையுள்ள முதன்மை எண்களை எழுதச் சொன்னபோது அவள் எழுதிய கொப்பிப் பக்கத்தைப் படமெடுத்து மேலே போட்டிருக்கிறேன். 1, 9, 51, 91 ஆகியவற்றைச் சேர்த்திருக்கிறாள், 2ஐ விட்டுவிட்டாள். பட்டியலை மனனம் செய்யச் சொல்லட்டுமா, பெரியம்மா?

உவர்மலைப் பெரியம்மா: வேண்டாம், பிள்ளை. மனனம் செய்த பட்டியல் சோதனை முடிந்ததும் மறந்துவிடும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தப் பிழைகள் எல்லாம் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. 2ஐ விட்டு 9ஐச் சேர்த்திருப்பதைப் பார்த்தால், ஒற்றை எண்தான் முதன்மை எண் என்ற எண்ணம் அவளிடம் இருப்பது தெரிகிறது. 51உம் 91உம் வேறு கதை. பிள்ளைகள் பாடமாக்கும் பன்னிரண்டு வரையான வாய்ப்பாட்டில் அவை இரண்டும் வருவதில்லை. 51 என்பது 3 × 17, 91 என்பது 7 × 13. வாய்ப்பாட்டில் கண்டிராத எண்ணை வகுக்க முடியாத எண் என்று அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். வீட்டில் புளியங்கொட்டை இருக்கிறதா?

பாலையூற்று அக்கா: ஒரு போத்தல் நிறைய இருக்கிறது, பெரியம்மா.

உவர்மலைப் பெரியம்மா: 12 கொட்டைகளை எடுத்து, எல்லா வரிசையிலும் ஒரே அளவு இருக்கும்படி அவளையே அடுக்கச் சொல். இரண்டு வரிசையில் ஆறாறாக வரும், மூன்று வரிசையில் நான்கு நான்காக வரும். பிறகு 7 கொட்டைகளைக் கொடு. எப்படி மாற்றி வைத்தாலும் ஒரே நீள வரிசையாகத்தான் நிற்கும். 9ஐக் கொடுத்தால் மூன்று வரிசையில் மும்மூன்றாக அமைந்துவிடும்; அது ஒற்றை எண்ணாக இருந்தும் முதன்மை எண் ஆகாததை அவள் கையே அவளுக்குச் சொல்லும். 2 கொட்டைகளை ஒரே வரிசையாக வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்பதால், 2 முதன்மை எண். அதற்கு மேற்பட்ட இரட்டை எண்கள் அனைத்தும் இரண்டு சம வரிசைகளாகப் பிரிந்துவிடுகின்றன. ஆகவே இரட்டை எண்களில் முதன்மையானது 2 மட்டுமே.

நிலாவெளி மாமா: திருகோணமலைக் கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகளும் ஏழுதானே, பெரியக்கா? போன விடுமுறையில் சின்னவன் அங்கே நின்று, "இவற்றை நானும் தங்கச்சியும் சமமாகப் பங்கிட முடியாது" என்றான். மூவர் போனாலும் நால்வர் போனாலும் பங்கு சரியாக வராது என்று சொல்லிக்கொடுக்க அப்போது எனக்குத் தோன்றவில்லை, இன்று சொல்கிறேன்.

மனையாவெளித் தம்பி: பெரியம்மா, எனக்கும் ஒரு சந்தேகம் நெடுநாளாக இருக்கிறது. ஒரு கொட்டையையும் ஒரே விதமாகத்தான் வைக்க முடியும். அப்படியானால் 1ஐ ஏன் முதன்மை எண்களோடு சேர்ப்பதில்லை?

உவர்மலைப் பெரியம்மா: நல்ல கேள்வி, தம்பி. வரைவிலக்கணத்தை அப்படியே பிடித்துக்கொள்: முதன்மை எண்ணுக்குச் சரியாக இரண்டு வெவ்வேறு காரணிகள் இருக்க வேண்டும். 7க்கு 1உம் 7உம் காரணிகள். 1க்கோ அதே 1 மட்டுந்தான் காரணி, இரண்டாவது இல்லை. இதற்கு ஆழமான காரணமும் உண்டு. 12ஐ முதன்மை எண்களின் பெருக்கமாக எழுதினால் 2 × 2 × 3 என்ற ஒரே விடைதான் கிடைக்கும். எண்களின் வரிசையை மாற்றினாலும் அது வேறு விடை ஆகாது. 1ஐயும் முதன்மை எண் என்று ஏற்றுக்கொண்டால், 1 × 2 × 2 × 3 என்றும், 1 × 1 × 2 × 2 × 3 என்றும் முடிவில்லாமல் எழுதிக்கொண்டே போகலாம். அந்த ஒரே விடை என்ற சிறப்புக் கெட்டுவிடும். 1 முதன்மை எண்ணும் அன்று, இரண்டுக்கு மேற்பட்ட காரணிகள் உள்ள சேர்த்தி எண்ணும் அன்று.

பாலையூற்று அக்கா: 9ஐ அவளே அழித்துவிட்டு 2ஐ எழுதிவிட்டாள். ஆனால் 91 கொட்டைகளை அடுக்கச் சொன்னால் இரவாகிவிடுமே, பெரியம்மா. பெரிய எண்களுக்கு என்ன செய்வது?

உவர்மலைப் பெரியம்மா: அதற்குச் சல்லடை முறை இருக்கிறது. அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்தவரும் பூமியின் சுற்றளவைக் கணித்தவருமான கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸின் பெயரால் அது வழங்கி வருகிறது. பத்துப் பத்தாக 100 வரை எழுதி, முதலில் 1ஐ வெட்டச் சொல். 2ஐ விட்டுவிட்டு அதன் மற்ற மடங்குகளை வெட்டினால் 49 எண்கள் போய்விடும். 3ஐ விட்டு அதன் மடங்குகளை வெட்டும்போது புதிதாகப் போவன 16 எண்கள். 5இல் ஆறே எண்கள், அதாவது 25, 35, 55, 65, 85, 95. அடுத்து 7இன் மடங்குகளுக்கு வந்தால் 14, 21, 28, 35, 42 எல்லாம் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருக்கும். புதிதாக வெட்ட வேண்டியவை 49, 77, 91 ஆகிய மூன்று மட்டுமே. மிஞ்சி நிற்கும் 25 எண்களும் முதன்மை எண்கள்.

மனையாவெளித் தம்பி: 7உடன் ஏன் நிறுத்துகிறோம்? 11, 13 ஆகியவற்றின் மடங்குகளையும் வெட்ட வேண்டாமா?

உவர்மலைப் பெரியம்மா: ஓர் எண்ணை இரண்டு எண்களின் பெருக்கமாக எழுதும்போது, அவை இரண்டுமே 10ஐ விடப் பெரியவையாக இருந்தால் விடை 100ஐத் தாண்டிவிடும். ஆகவே 100 வரையுள்ள சேர்த்தி எண் ஒவ்வொன்றுக்கும், 10க்கு மேற்படாத ஒரு முதன்மைக் காரணி கட்டாயம் இருக்கும். 10க்குள் இருக்கும் முதன்மை எண்கள் 2, 3, 5, 7 ஆகிய நான்குதான். இதை விளங்கிக்கொண்ட பிள்ளைக்குப் பட்டியலே தேவையில்லை. 2, 5 ஆகியவற்றின் மடங்குகளைக் கடைசி இலக்கத்தைப் பார்த்தே தள்ளிவிடலாம். 5க்கு மேற்பட்ட முதன்மை எண்கள் 1, 3, 7, 9 ஆகிய இலக்கங்களில்தான் முடியும். 3க்கு இலக்கங்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

பாலையூற்று அக்கா: இலக்கங்களைக் கூட்டுவது எதற்கென்று மகள் கேட்கிறாள், பெரியம்மா. எனக்கும் அந்த விதி தெரியும், காரணம் தெரியாது.

உவர்மலைப் பெரியம்மா: 51இல் ஐந்து பத்துகளும் ஓர் ஒன்றும் இருக்கின்றன. ஒவ்வொரு பத்திலிருந்தும் 9ஐ எடுத்தால் 1 மிஞ்சும். எடுத்த 9கள் 3ஆல் மீதியின்றி வகுபடும். ஐந்து பத்துகளில் மிஞ்சிய 5ஐயும் ஏற்கெனவே இருக்கும் 1ஐயும் கூட்டினால் 6. அதுவும் 3ஆல் வகுபடுவதால் 51 முழுவதும் வகுபடும். 57, 87 ஆகியவையும் பிள்ளைகளை ஏமாற்றும் எண்கள். இலக்கங்களைக் கூட்டினால் 12, 15 என்று வந்து அகப்பட்டுவிடும்.

நிலாவெளி மாமா: 3க்கு மேற்பட்ட முதன்மை எண்கள் எல்லாம் 6இன் மடங்குக்கு ஒன்று முன்னாலோ பின்னாலோ நிற்கும் என்று நாங்கள் படித்தோமே. அதையே சொல்லிக்கொடுத்தால் சுலபமல்லவா?

உவர்மலைப் பெரியம்மா: அது உண்மைதான். ஆனால் 25, 35, 49 ஆகியவையும் அதே இடங்களில்தான் நிற்கின்றன. பிள்ளை அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அங்கே நிற்பவை எல்லாம் முதன்மை எண்கள் என்று எழுதிவிடுவாள். முதலில் வகுத்துப் பார்க்கும் பழக்கம் வரட்டும். பிள்ளை, 101 முதல் 120 வரை அவளைத் தனியே செய்யச் சொல். அங்கும் 2, 3, 5, 7 என்ற அந்த நான்கு எண்களே போதும்.

பாலையூற்று அக்கா: செய்துவிட்டாள், பெரியம்மா. கடைசி இலக்கத்தைப் பார்த்துத் தள்ளிய பிறகு 101, 103, 107, 109, 111, 113, 117, 119 ஆகியவை மிஞ்சின. 111இலும் 117இலும் இலக்கங்களைக் கூட்டி, 3ஆல் வகுபடுகிறது என்று வெட்டினாள். 119ஐ மட்டும் முதன்மை எண் என்று சாதித்தாள். 7ஆல் வகுத்துப் பார் என்றேன், 17 வந்தது. இப்போது 101, 103, 107, 109, 113 ஆகிய ஐந்தும் கொப்பியில் இருக்கின்றன.

உவர்மலைப் பெரியம்மா: ஐந்தும் சரி. அடுத்த எண்ணாகிய 121ஐ 2, 3, 5, 7 ஆகிய நான்கும் வகுக்கா. 11 × 11தான் 121. ஆகவே அங்கிருந்து 11ஐயும் சேர்த்துக்கொள்ளச் சொல்.