பழைய சொகுசு கார்: இசியூவை மாற்றுவதா, வயரிங்கைப் பார்ப்பதா?

கொளத்தூர்காரன்: 2011 மாடல் ஜெர்மன் டீசல் செடான், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மழை பெய்த மறுநாள் ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டியரிங் விளக்குகள் எல்லாம் சேர்ந்து எரிகின்றன. மேம்பாலம் ஏறும்போது இழுவை போய் லிம்ப் மோடுக்கு (இன்ஜின் தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைக்கும் நிலை) போகிறது. ஸ்கேனரில் யு0100, பி0299 என்ற கோளாறு கோட்கள். அழித்தாலும் திரும்ப வருகின்றன. பட்டறையில் டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி), இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

மீட்டர் மாணிக்கம்: வேண்டாம் சார். யு0100 வந்தால் இன்ஜின் இசியூவோடு தொடர்பு அறுந்திருக்கிறது, அவ்வளவுதான். இசியூவுக்குக் கரண்ட் ஒழுங்காகப் போகாவிட்டாலும் அதே கோட் வரும். இன்ஜின் ஓடாதபோது பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும், ஸ்டார்ட் அடிக்கும்போது 10-க்குக் கீழே இறங்கக் கூடாது. அப்புறம் எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவை பாடியோடும் இன்ஜினோடும் சேர்க்கும் இணைப்பு. வண்டியை ஓடவிட்டு, ஹெட்லைட், ஏசி போட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பட்டையைச் சந்தேகப்படுங்கள். மழைக்குப் பிறகுதான் வருகிறது என்பதால் வைப்பருக்குக் கீழே உள்ள வடிகாலையும் பாருங்கள். சருகு அடைத்தால் தண்ணீர் கார்பெட்டுக்கு அடியில் இறங்கிவிடும்.

பட்டறைக்காரன்: இத்தனை வயதான வண்டியில் வயரைத் துரத்துவது முடியாத வேலை. பின்னைச் சுத்தம் செய்து அனுப்பினால் அடுத்த மழைக்கு வண்டி திரும்ப வரும், திட்டு எங்களுக்கு. செம்பில் பச்சை பிடித்தால் உறைக்குள்ளேயே பரவிக்கொண்டு போகும். ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14 பின்னில் 60 ஓம் வருகிறதா என்று பார்த்துத் தகவல் வயரைச் சோதிக்கும் வித்தையும், நடுவில் கேட்வே (தகவலை வாங்கிப் பிரித்து அனுப்பும் பெட்டி) இருக்கும் வண்டிகளில் உதவாது. நல்ல பழைய இசியூவைப் போட்டுப் பார்ப்பதுதான் வேகமான வழி.

மீட்டர் மாணிக்கம்: கேட்வே விஷயம் சரி, அதைத் தாண்டி இசியூ கனெக்டரிலேயே அளக்க வேண்டும். ஆனால் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) இருக்கும்போது வேறு வண்டி இசியூவைச் சும்மா மாட்டி ஸ்டார்ட் செய்ய முடியாதே! அதை இந்த வண்டிக்கு ஏற்ப அமைக்கும் கோடிங் செலவு தனி. அதே பச்சை பிடித்த வயர்தான் புது இசியூவுக்கும் போகும்.

மதுரை டீசல்: பி0299-ஐ இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள். டர்போ அழுத்தம் போதவில்லை என்று வரும் கோட் அது. முதல் கோளாறோடு சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். வாக்குவத்தில் (காற்று உறிஞ்சலில்) கட்டுப்படுத்தப்படும் டர்போ என்றால் ரப்பர் ஹோஸ் சூட்டில் விரிசல் விட்டுவிடும். இன்டர்கூலர் குழாய் இணைப்பில் எண்ணெய் ஈரம் இருந்தால் காற்றும் அங்கே கசியலாம். குழாய்க்குள் புகையைச் செலுத்திக் கசிவைத் தேடும் புகைச் சோதனை செய்யாமல் டர்போவில் கை வைக்கக் கூடாது.

பட்டறைக்காரன்: புகைச் சோதனைக்கு நானும் சரி. ஆனால் ஹார்னஸை (வயர் கட்டை) பிரிக்க எத்தனை மணி நேரக் கூலி என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அது வண்டி விலையில் பாதியைத் தொட்டால் விற்றுவிடுவதே மேல்.

கொளத்தூர்காரன்: வடிகாலில் இலைக்குப்பை, இடப்பக்க கார்பெட் ஈரம். இசியூ வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். நாளை சீட்டைக் கழற்றிப் பார்க்கிறேன்.

மீட்டர் மாணிக்கம்: முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் பொறுங்கள் சார். சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர் ஏர்பேக்கினுடையது. அதில் மீட்டர் வைக்காதீர்கள்.