யுரேகா கார்சன் மாளிகை: படங்கள் தந்து உதவுங்கள்

வடக்குக் கலிபோர்னியாவின் யுரேகா, மரம் அறுத்தே வளர்ந்த ஊர். அங்கே மர ஆலை அதிபர் வில்லியம் கார்சன் 1884 முதல் 1886 வரை கட்டிய மாளிகையின் வரலாற்றைத் தமிழில் தொகுக்கிறோம். வடிவமைத்தவர்கள் நியூசம் சகோதரர்கள். கட்டுமானத்தில் பெரும்பகுதி ரெட்வுட் எனும் ஊசியிலை மரம். நம்மூர் செம்மரம் வேறு, இது வேறு.

பழைய படம் இருந்தால் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, பின்பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பல படங்களில் அங்கேதான் ஆண்டு எழுதியிருக்கும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பவும். எதிரே கார்சன் தன் மகனுக்குக் கல்யாணப் பரிசாகக் கட்டிய வீடும் தெரிந்தால் அது 1889க்கு முந்தைய படமாக இருக்காது.

அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். 1950 முதல் மாளிகை தனியார் கிளப் வசம், உள்ளே அனுமதியில்லை. நடைபாதையில் நின்று, முகப்பில் வெயில் விழும் பிற்பகலில், தாழ்வாரத் தூண்களின் அடிப்பாகத்தை ஜூம் செய்து எடுங்கள். தூணின் அடியில் இருப்பது வெட்டுமுகம், அதாவது மரத்தைக் குறுக்கே அறுத்த முனை; அதன் வழியாகத்தான் மரம் அதிகம் நீர் குடிக்கும். ஈரம் ஏறினால் ரெட்வுட்டில் இயல்பாக உள்ள டானின் என்ற கறைப் பொருள் கசிந்து பெயிண்ட் மேல் பழுப்புக் கோடாக இறங்கும். அந்தக் கோடுகள் தெளிவாகத் தெரியும் படம்தான் எங்களுக்கு முக்கியம்.