புதுப்பிப்பு: பழைய பிசிஎக்ஸ் படங்கள்

கிருஷ்ணகிரியில் மாமாவின் அச்சகத்து விண்டோஸ் 98 கணினியில் கிடக்கும் பிசிஎக்ஸ் (PCX என்ற பழைய பட வடிவம்) படங்களை எப்படி மாற்றுவது என்று முன்பு கேட்டிருந்தேன். வேலை முடிந்தது. இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் மென்பொருளைத் திறந்து 'பி' விசையைத் தட்டினால் மொத்தமாக மாற்றலாம். ஜேபெக் வேண்டாம், படத்தில் இருக்கும் மாம்பழக் கூடையின் ஓரக்கோடெல்லாம் அழுக்குப் படிந்த மாதிரி ஆகிறது. பிஎன்ஜியில் அப்படியே நிற்கிறது.

சில படங்களில் மட்டும் மாம்பழம் ஊதாவாக வந்தது. 256 நிறப் படத்தின் நிறப்பட்டியல் (எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று சொல்வது) கோப்பின் கடைசி 769 பைட்டில் இருக்கும். படம் இருந்த ஃபிளாப்பி கெட்டதில் அந்த வால் போயிருக்கிறது. ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் பைட்டுகளை நேரடியாகத் திருத்தும் மென்பொருள்), அதே தொகுப்பின் நல்ல படத்திலிருந்து வாலை எடுத்து ஒட்டினேன், மஞ்சள் வந்துவிட்டது. (மாமாவுக்கு ஊதாதான் பிடித்திருந்தது, அது வேறு கதை.)

அப்புறம், ஓசூர் பக்கம் யாரிடமாவது யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் இருந்தால் சொல்லுங்கள், இன்னும் ஒரு டப்பா ஃபிளாப்பி பாக்கி.