பொறியியல் மேலாண்மையில் முதுநிலை: படித்தவர்களின் அனுபவங்கள்

உற்பத்திப் பிரிவிலிருந்து போனவர்:

ஸ்ரீபெரும்புதூரில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் உற்பத்திப் பொறியாளராக வேலை பார்த்துவிட்டுத்தான் இந்தப் படிப்புக்காக அமெரிக்கா சென்றேன். எம்.பி.ஏ. படித்திருக்கலாமே என்று கேட்காத உறவினர் இல்லை. எம்.பி.ஏ. வகுப்பில் எல்லாத் துறையினரும் இருப்பார்கள். இங்கே சேர்பவர்களில் பெரும்பாலோர் பொறியியலோ அறிவியலோ படித்தவர்கள் என்பதால், புள்ளியியலையும், இருக்கும் வளங்களுக்குள் மிகச் சிறந்த வழியைக் கணக்கிடும் உகப்பாக்கத்தையும் தயக்கமின்றி ஆழமாகவே நடத்துகிறார்கள்.

எனக்கு மிகவும் பயன்பட்டது லிட்டில் விதி. ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த இவ்விதிப்படி, ஓரிடத்தில் சராசரியாகத் தேங்கி நிற்கும் பொருள்களின் எண்ணிக்கையை, அங்கிருந்து மணிக்கு வெளியேறும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு பொருள் அங்கே கழிக்கும் சராசரி நேரம் கிடைத்துவிடும். பெயின்ட் பிரிவுக்கும் அசெம்பிளிக்கும் நடுவே 600 பாகங்கள் டிராலிகளில் நிற்க, மணிக்கு 100 மட்டும் நகர்ந்தால், ஒவ்வொன்றும் ஆறு மணி நேரம் சும்மா காத்துக் கிடக்கிறது. எங்கள் ஷிஃப்ட் கூட்டங்களில் டெலிவரி தாமதம் என்றாலே இயந்திரத்தின் வேகத்தைப் பற்றித்தான் வாதாடுவோம். டிராலிகளை எண்ணிப் பார்க்கும் எண்ணம் யாருக்கும் வந்ததில்லை. தொழிற்கூடத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கே இந்தப் படிப்பு முழுமையாகப் பலன் தரும் என்பது என் கருத்து.

கல்லூரியிலிருந்து நேரே போனவர்:

மேலே சொன்ன கருத்தை மறுக்க எனக்கு வழியில்லை. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ரோலா நகரப் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கென்று தனிப் பிரிவு 1967-லேயே தொடங்கப்பட்டுவிட்டது; ஆனாலும் வேலைவாய்ப்பு முகாமில் என் விவரக் குறிப்பைப் புரட்டிய ஒருவர், "நீங்கள் பொறியாளரா, மேலாளரா?" என்று கேட்டுவிட்டு, எத்தனை பேர் கொண்ட குழுவை நடத்தியிருக்கிறீர்கள் என்றார். கல்லூரியை விட்டு அப்போதுதான் வந்தவன் அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? விநியோகச் சங்கிலிப் பாடங்களை விருப்பப் பாடங்களாக எடுத்து, தரவுத்தளங்களிலிருந்து தகவல் எடுக்க உதவும் எஸ்.க்யூ.எல். மொழியைப் பழகி, பகுப்பாய்வாளர் பணிகளுக்கு விண்ணப்பிக்கத் தொடங்கிய பிறகே நேர்காணல் அழைப்புகள் வந்தன.

கடன் வாங்கிப் போகிறவர்கள் சேருமுன், மாணவர் விசாவுக்காக அமெரிக்கப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் இருக்கும் பாடக் குறியீட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது. 15.1501 என்ற குறியீடு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருப்பதால், படிப்பு முடித்த மாணவர்கள் அங்கே வேலை பார்க்கத் தரப்படும் 12 மாத ஓ.பி.டி. அனுமதி முடிந்தபின் மேலும் 24 மாத நீட்டிப்புக் கோரலாம். அந்த நீட்டிப்புக்கு, வேலை தரும் நிறுவனம் பணியாளர்களின் வேலை உரிமையைச் சரிபார்க்கும் அமெரிக்க அரசின் இ-வெரிஃபை அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதைப் பலர் கடைசி நேரத்தில்தான் கவனிக்கிறார்கள்.

சென்னையிலேயே இருந்தவர்:

இந்தியாவில் இதே பெயரில் தேடினால் அதிகம் அகப்படாது. தொழிலகப் பொறியியல் என்று தேட வேண்டும். கிண்டி பொறியியல் கல்லூரியில் அதற்கென்று தனித் துறை இருக்கிறது; மும்பையில் 1963 முதல் இயங்கிவந்த நிட்டி என்னும் தேசியத் தொழிலகப் பொறியியல் நிறுவனம், 2023-இல் ஐ.ஐ.எம். மும்பை ஆனது. என்னை வேலைக்கு எடுத்தவர்கள் பட்டத்தின் பெயரைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு உற்பத்தி வரிசையின் ஐந்து நிலையங்களின் சுழற்சி நேரங்களை, அதாவது ஒவ்வொரு நிலையமும் ஒரு பொருளை முடிக்க எடுக்கும் நேரங்களை, ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நெரிசல் எங்கே வரும், கூடுதலாக ஓர் ஆள் கிடைத்தால் எங்கே நிறுத்துவாய் என்று கேட்டார்கள். நேர்காணலில் பாதி நேரம் அதிலேயே போயிற்று.