மோட்டார்ஹோமில் 4,000 கி.மீ.: எடை, தண்ணீர், கரண்ட் கணக்கு எப்படிப் போடுவது?

நாடோடி77:

வணக்கம். மூன்று வாரம், சுமார் 4,000 கி.மீ., நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மோட்டார்ஹோமில் (படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) போகத் திட்டம். பெரியவர்கள் 2, பிள்ளைகள் 2. வண்டி 6.5 மீட்டர் நீளம், டீசல், முன்சக்கரம் இழுக்கும் வகை. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,500 கிலோ. டீசல் முழுசாக நிரப்பி, ஆளும் சாமானும் தண்ணீரும் சிலிண்டரும் இல்லாமல் எடைமேடையில் ஏற்றியதில் 2,960 கிலோ காட்டியது. நல்ல தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர், கேசட் டாய்லெட் (கழிவுப் பெட்டியை வெளியே இழுத்துக் கொட்டும் வகை), 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரி, 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ். பின்னால் ரேக் மாட்டி நாலு சைக்கிள் ஏற்றுவதாக இருக்கிறது.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டலாம்? தொட்டியை நிரப்பிக்கொண்டே ஓட்டலாமா? பேட்டரி தாங்குமா? வழியில் காலை வாருவது எது? "ஜாலியா இருக்கும், கிளம்புங்க" என்கிற பதில் வேண்டாம், அது ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டது.

பழைய ஸ்பேனர்:

வெறும் வண்டியை எடை போட்டுவிட்டுக் கேட்கிறீர்கள், அதுவே பாதி வேலை. மீதியையும் போட்டுப் பார்த்துவிடுவோம். 3,500-இல் 2,960 போனால் 540 கிலோ. நாலு பேர் 230 என்று வையுங்கள். தண்ணீர் 100. இரும்பு சிலிண்டர் இரண்டு, கேஸோடு சேர்த்து 48. ரேக்கும் சைக்கிள்களும் 75. மடக்கு மேசை, நாற்காலி 25. ஆக 478. மிச்சம் 62 கிலோ. துணிமணி, படுக்கை, பாத்திரம், மளிகை, ஹோஸ், டூல்ஸ், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் எல்லாம் அந்த 62-க்குள் அடங்கவேண்டும். அடங்காது.

அதைவிட மோசம், அந்த 75 கிலோ எங்கே தொங்குகிறது என்பது. பின் ஆக்சிலுக்கு (சக்கர அச்சுக்கு) 2 மீட்டர் பின்னால் ரேக், இரண்டு ஆக்சிலுக்கும் இடையே 4 மீட்டர் என்றால், பின் ஆக்சிலில் ஏறுவது 75 அல்ல, சுமார் 112 கிலோ. முன் ஆக்சிலிலிருந்து 37 கிலோ தூக்கப்படும். தராசுத் தட்டு மாதிரிதான். முன்சக்கரம் இழுக்கும் வண்டிக்கு முன்பாரம் குறைந்தால் ஈரப்புல்லில் சக்கரம் சும்மா சுற்றும், காற்றடித்தால் ஸ்டீயரிங் லேசாகிவிடும். மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் பின் ஆக்சில் மட்டும் ஓவர்லோடு ஆவது இப்படித்தான். எல்லாம் ஏற்றி, எல்லோரும் உட்கார்ந்தபின் எடைமேடைக்குப் போய் முதலில் முன்சக்கரம் மட்டும், அடுத்து முழு வண்டி, கடைசியில் பின்சக்கரம் மட்டும் என்று மூன்று தடவை எடை போடுங்கள். ஒவ்வொரு ஆக்சிலின் வரம்பும் வண்டித் தகட்டில் இருக்கும்.

என் யோசனை: சைக்கிளை இரண்டாகக் குறையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். கனமான சாமானை இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே தரையோடு வையுங்கள். மேல் அலமாரியில் துணி, பிஸ்கட், டிஷ்யூ போதும்.

டயருக்கு வருவோம். மோட்டார்ஹோம் டயர் தேய்ந்து சாவதில்லை, வயசாகிச் சாகிறது. பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம். பட்டன் (தரையில் படும் மேடுபள்ளம்) புதுசு மாதிரி இருந்தாலும் ஆறேழு வருடம் தாண்டியதை நம்பி முழுப் பாரத்தோடு கோடைவெயிலில் ஓட்டாதீர்கள். காற்று குறைந்த டயர் வளைந்து வளைந்து சூடாகும், உள்கட்டு பிரியும், பிறகு வெடிக்கும். அழுத்தத்தைக் காலையில் டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். ஓடியபின் ஏறியிருக்கும் அழுத்தத்தைப் பார்த்துப் பயந்து காற்றைத் திறந்துவிடுவது பெரிய தப்பு. இன்னொன்று, பல மோட்டார்ஹோமில் ஸ்டெப்னியே கிடையாது. வெறும் பஞ்சர் கிட்தான் தருவார்கள், பக்கச்சுவர் கிழிந்தால் அது எதற்கும் ஆகாது. கிளம்புமுன் அடியில் குனிந்து பாருங்கள். சக்கரம் மாற்ற நேர்ந்தால் 50 கி.மீ. ஓடியதும் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) மறுபடி முறுக்கவேண்டும்.

தூரம்: 250 முதல் 300 கி.மீ., அதற்குமேல் வேண்டாம். மேப் நாலு மணி நேரம் என்றால் உங்களுக்கு ஐந்தரை, ஆறு ஆகும். மூன்று வாரத்தில் 4,000 என்றால் ஓட்டும் நாள் 14, 15 ஆகிவிடும், நின்று பார்க்க ஒரு வாரம்கூட மிஞ்சாது. பாதையைக் கொஞ்சம் சுருக்கினால் பயணம் நன்றாக இருக்கும். 90-இல் ஓட்டுங்கள். 110-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்கு ஆகிவிடும், அலமாரி சைஸ் முகப்புக்கு டீசல் அங்கேதான் போகிறது.

மேட்டுப்பாதை:

ஸ்பேனர் சொன்னதோடு மலைப்பாதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்றம் பொறுமையைத்தான் சோதிக்கும், இறக்கம் பிரேக்கைச் சோதிக்கும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், வளைவு வந்தபின் அல்ல, இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே கியரைக் குறையுங்கள். பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே வரக்கூடாது. ஒரு தடவை நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் பிரேக் ஆயில் கொதிக்கிறது என்று அர்த்தம். அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பழசானால் சீக்கிரம் கொதிக்கும். இரண்டு வருடத்துக்குமேல் ஆன ஆயிலை மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

உயரத்தை ஆண்டெனா, ஏசி எல்லாம் சேர்த்து அளந்து, 10 செ.மீ. கூட்டி, டிரைவர் கண்ணெதிரே எழுதி ஒட்டுங்கள். சின்னப் பாலத்தின் முன் நின்று யோசிக்கும்போது "இரண்டே முக்காலா, மூணா?" என்று மனைவியைக் கேட்கும் நிலை வரக்கூடாது. திரும்பும்போது வண்டியின் வால் எதிர்ப்பக்கம் வீசும், பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது தூணில் உரசுவது அதனால்தான். வண்டியின் வால் பம்பைத் தாண்டட்டும், பிறகு திருப்புங்கள்.

ஆம்பியர்:

கரண்ட் கணக்கு மட்டும் சொல்கிறேன்.

கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது 45 வாட், வெயில் நாளில் பாதி நேரம் ஓடும் என்று வைத்தால் நாளொன்றுக்கு 540 வாட்-அவர். விளக்கு, பம்ப், ஃபேன் சேர்ந்து 200. போன், லேப்டாப் 200. கிட்டத்தட்ட 950, அதாவது 12 வோல்ட்டில் 80 ஆம்பியர்-அவர். உங்கள் லெட் ஆசிட்டில் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் சட்டென்று குறையும். ஆக உங்களிடம் இருப்பது 50. ஒரு நாள்கூடத் தாங்காது.

அதே 100 ஆம்பியர்-அவரில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் போட்டால் 80, 90 வரை எடுக்கலாம், எடையும் 25 கிலோவிலிருந்து 12-க்கு வந்துவிடும். ஸ்பேனரின் 62 கிலோ கணக்குக்கு அது நல்ல செய்தி. ஒன்று மட்டும், 0 டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் பண்ணக்கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெட்டுவிடும். குளிரில் சார்ஜை நிறுத்தும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்னணுப் பலகை) இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

எஞ்சினிலிருந்து நேராக ஒயர் இழுத்தால் போதாது. புது வண்டிகளில் டீசல் மிச்சம் பிடிக்க ஆல்டர்னேட்டரே (எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் தருவது) வோல்ட்டேஜைக் குறைத்துக்கொள்ளும், உள்பேட்டரி பாதியோடு நின்றுவிடும். 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் (உள்பேட்டரிக்கு வேண்டிய வோல்ட்டேஜுக்கு மாற்றிக் கொடுக்கும் கருவி) போட்டால் மூன்று மணி நேர ஓட்டத்தில் 90 ஆம்பியர்-அவர் ஏறும். தினமும் ஓட்டுகிறவருக்கு இதுவே போதும், ஒரே இடத்தில் மூன்று நாள் நிற்பவருக்குத்தான் சோலார் வேண்டும். கூரையில் தட்டையாகக் கிடக்கும் 200 வாட் பேனல் நல்ல கோடை நாளில் 600, 800 வாட்-அவர் தரும். மரநிழல் ஒரு மூலையில் விழுந்தாலே பாதி போய்விடும். நிழலில் நிறுத்தினால் வண்டி குளுகுளு, பேட்டரி காலி. இந்த வியாபாரத்தில் இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

இன்வெர்ட்டரில் 1,000 வாட் கெட்டில் போடாதீர்கள். 12 வோல்ட் பக்கத்தில் 90 ஆம்பியருக்குமேல் இழுக்கும். டீத் தண்ணீரை அடுப்பில் வையுங்கள்.

சொட்டுநீர்:

கேசட் டாய்லெட் பற்றி யாரும் பேசமாட்டார்கள், மூன்றாம் நாள் எல்லோரும் அதைப் பற்றியேதான் பேசுவார்கள். 18, 20 லிட்டர்தான் கொள்ளும். நாலு பேருக்கு இரண்டு நாள். முதலில் 2 லிட்டர் தண்ணீரும் மருந்தும் ஊற்றிவிட்டு ஆரம்பியுங்கள், உலர்ந்த தொட்டியில் காகிதம் அப்பிக்கொள்ளும். ஃபார்மால்டிஹைட் கலந்த மருந்து வேண்டாம். செப்டிக் டேங்கில் வேலை செய்யும் பாக்டீரியாவையே அது கொன்றுவிடும், அதனால் சில முகாம்களில் கொட்டவே விடமாட்டார்கள்.

கொட்டும் முறை: உள்ளே கேசட்டின் வாயை அடைக்கும் தகட்டை முழுசாக மூடுங்கள். கேசட்டை வெளியே இழுங்கள். ஊற்றும் குழாயைக் கீழ்நோக்கித் திருப்பி, மூடியைக் கழற்றி, சாய்க்கும்போது காற்றுப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். அழுத்தாவிட்டால் குபுக் குபுக் என்று காற்று இழுத்துக் கால்மேல் தெறிக்கும். சாய்க்கும்முன் அழுத்தினால் பொத்தான் வழியாகவே வெளியே வரும். அலசி, மறுபடி தண்ணீரும் மருந்தும். ரப்பர் வாஷருக்குச் சிலிக்கோன் ஸ்ப்ரே மட்டும், வாஸ்லின் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். மலை ஏறியதும் வெளிக்காற்றழுத்தம் குறையும், தொட்டிக்குள் வாயு இறுகியிருக்கும். மூடியைச் சாத்தி வைத்துக்கொண்டு தகட்டை ஒரு நூல் திறந்து காற்றை விட்டபின் உபயோகியுங்கள். காரணம் விளக்கத் தேவையில்லை.

நல்ல தண்ணீர்த் தொட்டியைக் கிளம்புமுன் சுத்தம் பண்ண: வாசனை சேர்க்காத 5% ப்ளீச், 100 லிட்டருக்கு 100 மில்லி. எல்லாக் குழாயிலும் வாடை வரும்வரை திறந்து, நாலு மணி நேரம் ஊறவிட்டு, வாடை போகும்வரை அலசுங்கள். ஃபில்டர் இருந்தால் முன்பே கழற்றிவிடுங்கள். குளியலுக்கு நனை, நிறுத்து, சோப்பு போடு, கழுவு என்றால் ஆளுக்கு 7 லிட்டர். ஓடும்போது சிங்க் துவாரங்களை அடைத்து வையுங்கள். வளைகுழாயில் நிற்கும் தண்ணீர் குலுக்கலில் வழிந்துவிட்டால் கழிவுநீர் நாற்றம் நேராக வண்டிக்குள் வரும்.

ஓடும்போது 30 லிட்டர் போதும்.

மேட்டுப்பாதை:

அந்த 30 லிட்டரில் எனக்கு ஒப்புதல் இல்லை. தண்ணீரே இல்லாத இடத்தில் இரவு தங்கப்போகிறவர் 30 லிட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? போய்ச்சேர 20, 30 கி.மீ. இருக்கும்போது கடைசியாகக் கிடைக்கும் குழாயில் நிரப்பிக்கொள்ளட்டும்.

பழைய ஸ்பேனர்:

நிரப்பட்டும், ஆனால் நிரப்பிய எடையும் ஆக்சில் வரம்புக்குள் இருக்கவேண்டும். 30 கி.மீ.தானே என்று டயர் விட்டுக்கொடுக்காது. சைக்கிளை இறக்கினால் இந்தத் தகராறே இல்லை.

நாடோடி77:

எல்லோருக்கும் நன்றி. சைக்கிளை விட்டுவிட்டோம், லித்தியமும் டிசி-டிசியும் போடுகிறோம். கேஸ் பற்றி ஒரு சந்தேகம்: ஓடும்போது சிலிண்டரைத் திறந்து வைக்கலாமா? பழைய வண்டி என்பதால் கூரை ஒழுகல் எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய ஸ்பேனர்:

மோதினால் தானாக அடைக்கும் ரெகுலேட்டர் இல்லையென்றால் மூடித்தான் ஓட்டவேண்டும். டீசல் போடும்போது எப்படியும் மூடுங்கள். குளிர்ப் பகுதி வருமானால் புரொப்பேன் வாங்குங்கள். பியூட்டேன் 0 டிகிரிக்குப் பக்கத்தில் ஆவியாவதையே நிறுத்திவிடும், புரொப்பேன் -42 வரை தாங்கும். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் படியும், எனவே அலாரம் தரையோரம். கார்பன் மோனாக்சைடு அலாரம் தனி. சமையல் அடுப்பைக் குளிர் காயப் பற்றவைக்கவே கூடாது.

ஒழுகல்: கூரை ஜன்னல் ஓரம், ஆனிங் (வண்டிப் பக்கத்தில் விரிக்கும் துணிப் பந்தல்) பொருத்திய பட்டை, பின் விளக்குகள், மூலைப் பட்டைகள். இந்த இடங்களில் உள்பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று இருந்தால், ஒட்டுத்தாள் உப்பியிருந்தால், மூடிவைத்த அலமாரியில் பூஞ்சை வாடை வந்தால், உள்ளே மரச்சட்டம் ஊறிக்கொண்டிருக்கிறது. ஈர மீட்டரில் 15%-க்குள் இருந்தால் கவலையில்லை, 20 தாண்டினால் அந்தப் பட்டையைக் கழற்றிப் பார்க்கவேண்டும். பழைய பசையைச் சுரண்டி எடுத்து, பியூட்டைல் டேப் (பசையுள்ள ரப்பர் நாடா) வைத்து, மேலே கூரைக்கென்று விற்கும் சீலன்ட் பூசுங்கள். பாத்ரூம் சிலிக்கோனை அப்பினால் அடுத்த தடவை அதன்மேல் எதுவுமே ஒட்டாது.

ஆனிங்கை இரவில் சுருட்டிவிடுங்கள். 2 சதுர மீட்டரில் 1 செ.மீ. மழைநீர் தேங்கினாலே 20 கிலோ, கம்பி வளைந்துவிடும். மழையில் விரித்தே தீரவேண்டும் என்றால் ஒரு காலைத் தாழ்த்திச் சரிவு கொடுங்கள்.

ஆம்பியர்:

விட்டுப்போன ஒன்று. கரண்ட் கேபிள் வெளியே மாட்டியிருக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங்கில் ஒரு துணிக் கிளிப்பைக் குத்திவையுங்கள். படிக்கட்டு, கூரை ஜன்னல், சிலிண்டர் மூன்றுக்கும் ஆளுக்கொரு கிளிப். கிளிப் இருக்கும்வரை சாவி திரும்பக்கூடாது.