சுவருக்கு நேராக நின்று எடுத்த படங்கள்

பயணம் போனால் நான் அதிகம் படமெடுப்பது மாடிப்படி, பால்கனி, ஜன்னல் வரிசை, கதவு. பெரிய நினைவுச்சின்னங்களை எல்லோரும் எடுக்கிறார்கள். மக்கள் குடியிருக்கும் கட்டடங்களில் நிறமும் வடிவமும் சேரும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்பவர்கள் குறைவு.

வெனிஸ் காயலில் இருக்கும் புரானோ தீவில் வீட்டுக்கு வீடு நிறம் மாறும். உரிமையாளர் நினைத்த நிறத்தை அடித்துவிட முடியாது, அனுமதி வாங்க வேண்டும். நான் போன காலையில் நல்ல வெயில். எதிர்வரிசையின் நிழல் பாதிச் சுவரை மறைத்தது, மீதிப் பாதி வெளிறிப்போனது. பிற்பகலில் மேகம் மூடியதும் அதே சுவர்கள் அடர்ந்து தெரிந்தன, வாசல் திரையின் கோடுகள்கூடத் தனித்தனியாக விழுந்தன. நிறத்துக்குப் பளிச்சென்ற வெயில் வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. வெயில் வேண்டியது வடிவத்துக்கு. படிக்கட்டின் விளிம்பையும் பால்கனியின் ஆழத்தையும் சாய்வெயிலின் நிழல்தான் காட்டும்.

இன்னொன்று, ஒரே நிறச் சுவர் சட்டகம் முழுவதையும் நிரப்பினால் வெளிச்சத்துக்கு ஏற்ப நிறங்களைத் தானே சரிசெய்யும் கேமராவின் தானியங்கி வெண்சமநிலை (white balance) அந்த நிறத்தைத் தணித்துவிடும். அதைப் பகல் வெளிச்சம் என்று நிலையாக வைத்துவிட்டால் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும்.

வெயிலே ஊரின் நிறத்தை மாற்றிய கதையும் உண்டு. கரீபியன் கடலில் இருக்கும் குராசாவ் தீவின் வில்லெம்ஸ்டாடில் வெள்ளைச் சுவர்களின் கண்கூச்சத்தைக் காரணம் காட்டி 1817இல் ஆளுநர் வெள்ளையடிக்கத் தடை போட்டார். அந்த ஊர் பார்க்க எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

ஸ்பெயினின் கால்பே ஊரில் கட்டடக்கலைஞர் ரிக்கார்டோ போஃபில் வடிவமைத்து 1973இல் முடிந்த லா முராயா ரோஹா என்ற கட்டடம் இருக்கிறது. வெளிச்சுவர் செம்மண் சிவப்பு, உள்ளே படிக்கட்டுகளில் நீலமும் ஊதாவும். அது தனியார் குடியிருப்பு என்பதால் வெளியிலிருந்துதான் பார்த்தேன். சிவப்புச் சுவரின் விளிம்பு நீல வானத்தை வெட்டும் கோடே எனக்குப் போதுமானதாக இருந்தது.

வடிவம் என்று வந்தால் என் மனம் ஹாங்காங்கின் சோய் ஹுங் குடியிருப்பில்தான். 1960களில் எழுந்த பொதுக் குடியிருப்பு அது. வாகன நிறுத்தக் கட்டடத்தின் மொட்டைமாடியில் கூடைப்பந்துத் திடல், பின்னால் பட்டை பட்டையாக வானவில் நிறங்கள். அந்த மொட்டைமாடி உயரம் ரொம்ப உதவும். தரையிலிருந்து கேமராவை அண்ணாந்து பிடித்தால் செங்குத்துக் கோடுகள் மேலே போகப் போக உள்வாங்கும். உயரத்தில் நின்று, கேமராவை மட்டமாகப் பிடித்து, தள்ளிப்போய் ஜூம் செய்தால் கோடுகள் நேராக நிற்கும். அப்புறம்தான் ஜன்னல்களைப் பார்த்தேன். எல்லாம் ஒரே அளவுக் கட்டங்கள். ஆனால் ஒன்றில் காயும் துணி, ஒன்றில் ஏசி, ஒன்றில் செடி. கட்டடக்காரர் போட்ட கட்டங்களைக் குடியிருப்பவர்கள் ஆளுக்கொரு விதமாக நிரப்பியிருக்கிறார்கள். நிறத்தைவிட இதைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் குடியிருப்பை இடித்துக் கட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. பார்க்க ஆசை இருப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம். திடலில் ஆடுபவர்களை நகரச் சொல்லாமல் ஓரத்தில் நின்று எடுங்கள், ஆட்டமும் சேர்ந்து விழுந்தால் படம் இன்னும் நன்றாக இருக்கும்.