புதுப்பிப்பு: மாதம் தனித்தனி நெடுவரிசையாக இருந்த மீன் கணக்கு, பவர் பிஐயில் வரைபடம் வந்துவிட்டது

உதவின எல்லாருக்கும் நன்றி. மறந்தவர்களுக்கு: திருகோணமலை மீனவர் சங்க எக்செல் ஷீட்டில் ஊர் ஒரு நெடுவரிசை, ஜனவரி முதல் டிசம்பர் வரை 12 நெடுவரிசை. அதைப் பவர் பிஐயில் (தரவை வரைபடமாக்கும் மைக்ரோசொஃப்ட் மென்பொருள்) போட்டால் மாதவாரியாகக் கோட்டு வரைபடம் வரவேயில்லை.

அன்பிவட் செய்யச் (நெடுவரிசைகளை வரிகளாக மாற்றச்) சொன்ன அண்ணாவின் வழிதான் சரிவந்தது. பவர் குவெரியில் (பவர் பிஐயில் தரவைச் சீராக்கும் பகுதி) ஊர் நெடுவரிசையை மட்டும் தெரிவுசெய்து, வலது கிளிக், ‘அன்பிவட் அதர் கொலம்ஸ்’. அவ்வளவுதான். முதல் தடவை தொகை இரட்டிப்பாக வந்தது. ஓரத்தில் கிடந்த ‘மொத்தம்’ நெடுவரிசை பதின்மூன்றாம் மாதமாக உள்ளே புகுந்திருந்தது. அதை முதலே நீக்குங்கோ.

நான் எதிர்பாராதது, வெறுங்கட்டங்கள் அன்பிவட்டில் காணாமல் போகும். மாரியில் வள்ளம் இறங்காத டிசம்பருக்குக் குச்சவெளியின் வரியே இல்லை! அன்பிவட்டுக்கு முன்பு டிசம்பர் நெடுவரிசையில் மட்டும் ‘ரிப்ளேஸ் வேல்யூஸ்’ மூலம் ‘நல்’ (null, வெறுங்கட்டம்) என்பதை 0 ஆக்கினேன். மூதூரின் மே மாத வெறுமையைத் தொடவில்லை. அங்கே மீன் பட்டது, கணக்குத்தான் வந்து சேரவில்லை. 0 போட்டால் சராசரி பொய்யாகிவிடும்.

மாதங்கள் அகரவரிசையில் அடுக்கப்பட்டு, ஏப்ரலுக்கு அடுத்து ஒக்டோபர் வந்து நின்றதும் ஒரு கூத்து. மாத எண் நெடுவரிசை சேர்த்து ‘சோர்ட் பை கொலம்’ கொடுத்தேன், ஒழுங்காகிவிட்டது.